காதுப் பரீட்சையில் ஏழு வருஷமும் பாஸ்

ஏமாற்றுவதற்கும் ஒரு படிப்பு வேண்டும். நம் செட்டருக்கு அந்தப் படிப்பு மட்டும் நன்றாகவே வந்தது.

தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் அவருக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். மெஷினுக்குள் டை என்கிற இரும்பு அச்சை மாட்டி, உயரம் பார்த்து, முதல் தகட்டை அடித்துக் காட்டி, "சரி, ஓட்டு" என்று சொல்லுகிற ஆளுக்குத்தான் செட்டர் என்று பெயர். ஒன்பது பிரஸ்கள் வரிசையாக நின்று நாள் முழுக்க டமால் டமால் என்று அடிக்கும். பக்கத்தில் நிற்பவனிடம் ஸ்பேனர் கேட்பதற்குக்கூட மேடையில் பேசுகிற தொண்டை வேண்டும். அந்தத் தொண்டையை அப்படியே வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் கொண்டுபோய், கடைசியில் 'டமாரம்' என்ற பட்டப்பெயரையும் சம்பாதித்து வைத்திருந்தார் மனிதர்.

வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி வாசலில் ஒரு வேன் வந்து இரண்டு நாள் நிற்கும். உள்ளே கண்ணாடி வைத்த ஒரு குட்டி அறை. அதில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொள்ள வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காது பரிசோதிக்கிற பெண் ஒருத்தி சின்னச் சின்னச் சத்தங்களை அனுப்புவாள். கேட்டதும் கையில் இருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. செட்டர் முதல் வருஷமே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். சத்தத்தை அனுப்பும்போது அந்தப் பெண்ணின் வலது தோள் ஒரு நூல் மேலே ஏறும். டையில் அரை நூல் வித்தியாசத்தைக் கண்ணாலேயே பிடிக்கிற ஆளுக்கு ஒரு தோள் தப்புமா? தோள் ஏறினால் பட்டன். ஏழு வருஷம், ஏழு சர்ட்டிபிகேட், ஏழிலும் 'நன்று'.

தான் மட்டும் பாஸானால் போதுமா? கூட இருப்பவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள். காது போச்சு என்று எழுதிவிட்டால் பிரஸ்ஸிலிருந்து தூக்கிப் பெட்டி கட்டுகிற இடத்தில் போட்டுவிடுவார்கள். ஆகவே, "தோளைப் பாருங்கடா" என்று லைன் முழுக்க இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார். காகிதத்தில் பார்த்தால் உலகத்திலேயே கூர்மையான காதுகள் அந்த ஷாப்பில்தான் இருந்தன. நேரில் போய்ப் பாருங்கள், டீ குடிக்கிற இடத்தில் பதினெட்டுப் பேர் சண்டை போடுகிற மாதிரி குசலம் விசாரித்துக்கொண்டிருப்பார்கள்.

வினை வீட்டில்தான் முளைத்தது.

"பத்து நிமிஷத்துல அடுப்பை அணைச்சிடுங்க" என்று மனைவி சொல்லிவிட்டு மாடிக்குப் போவாள். "ம்" என்பார். பால் பாத்திரம் கரியாகும். "பொண்ணு சாயங்காலம் வர்றா, சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போங்க" என்பாள். "சரி சரி" என்பார். சாவி அவர் சட்டைப்பையில் உட்கார்ந்து வேலைக்குப் போய்விடும். மகள் இரண்டு மணிநேரம் வாசற்படியில் காவல் இருப்பாள். என்ன சொன்னே என்று திருப்பிக் கேட்க அவருக்கு வெட்கம். ஒரு 'ம்' போட்டால் உலகத்துச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும் என்று நம்புகிற ஆண்பிள்ளைகளில் அவரும் ஒருவர்.

மனைவி பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சீருடை தைக்கிற ஒரு தையலகத்தில் துணி வெட்டுகிறவள். நாற்பது அடுக்குத் துணியை ஒரே கோட்டில் வெட்டுகிற கை அவளுக்கு. போன வருஷம்தான் வெட்டுமேஜை முழுவதையும் அவள் பொறுப்பில் விட்டிருந்தார்கள். என்ன காரணமோ, இரண்டு வருஷமாக அவள் புருஷனிடம் வேண்டியதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஏன் என்று அவருக்கும் தெரியாது. கேட்கவும் தைரியமில்லை.

பால் பாத்திரம் மூன்றாவது தடவை கரிந்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. அவளுடைய பெரியப்பா இப்படித்தான் ஆரம்பித்து, கடைசியில் பெற்ற மகனையே பார்த்து, "தம்பி, நீங்க யாரு வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டவர். மறுவாரமே செட்டரை நரம்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் மூக்கு வாய் எல்லாவற்றையும் மூடி முகக்கவசம் போட்டிருந்தார். தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று ஆடியது. வெளியே யாரோ டோக்கன் நம்பரைக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"அஞ்சு வார்த்தை சொல்றேன், மனசுல வச்சுக்குங்க. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேப்பேன்" என்றார் டாக்டர்.

ஷாப்பில் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் பிடித்துப் பழகிய செட்டர், வாய் தெரியாத இடத்தில் என்ன செய்வார்? குரல் வந்தது, சொல் வரவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடித்து, மிச்சத்தை ஊகித்து, வியர்க்க விறுவிறுக்க நாலு வார்த்தையைத் திருப்பிச் சொன்னார். பத்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது இரண்டுதான் மிஞ்சியிருந்தது.

"காது எப்படிக் கேக்குது?" என்று டாக்டர் கேட்டார்.

செட்டர் வாயைத் திறப்பதற்குள் மனைவி பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டாள். ஏழு சர்ட்டிபிகேட்டும் தேதிவாரியாக அடுக்கியிருந்தன. "அதுல ஒரு குறையும் இல்ல டாக்டர். கம்பெனியில வருஷா வருஷம் பாக்குறாங்க."

டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு ஃபைலை ஓரமாக நகர்த்தினார். அந்த இடத்தில் செட்டர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பயம் ஒரு பக்கம் என்றால், இன்னொரு பக்கம் அவரே அந்த சர்ட்டிபிகேட்டைப் பாதி நம்பத் தொடங்கியிருந்தார். காது கொஞ்சம் மந்தம்தான், வயசானால் எல்லாருக்கும் உள்ளதுதானே என்று வைத்திருந்தார். ஏழு வருஷம் ஒரு பொய்யைக் கையெழுத்தும் முத்திரையுமாக வாங்கி அடுக்கினால், எட்டாவது வருஷம் சொன்னவனே அதை நம்பிவிடுவான்.

"ஞாபகசக்தி குறையுற மாதிரி தெரியுது. இப்பவே முடிவாச் சொல்ல முடியாது. மாத்திரை தர்றேன், மூணு மாசம் பாப்போம். தனியா மட்டும் விடாதீங்க" என்றார் டாக்டர். இதை மனைவி வெளியே வந்து இரண்டு தடவை சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. அதுவும் மறதிக்கு ஒரு சாட்சியாகப் போய்விட்டது.

அதற்கப்புறம் வீடு மாறிப்போனது. அடுப்பு, குழாய், பீரோ, கதவு, எங்கே பார்த்தாலும் துண்டுச்சீட்டு. 'அணைக்கவும்.' 'மூடவும்.' 'சாவி இங்கே.' இரண்டு வருஷமாக வெட்டு வெட்டென்று பேசியவள் இப்போது குழந்தையிடம் பேசுவதுபோல் பேசினாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. திட்டினால்கூடப் பொறுத்துக்கொள்வார். குளிக்கும்போது தனியாக வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தார். பதினேழாம் வாய்ப்பாடு வரைக்கும் தடங்கலில்லாமல் வந்தது. அப்படியும் பயம் போகவில்லை. மூளை உள்ளுக்குள்ளே கரையான் அரிக்கிற மரமாகிக்கொண்டிருக்கிறது என்றே நினைத்தார்.

ஒரு மாதம் இப்படியே போன பிறகு ஒரு வியாழக்கிழமை வேன் வந்தது. செட்டர் போய் உட்கார்ந்தார், தோள் ஏறியது, பட்டனை அழுத்தினார், எட்டாவது 'நன்று' கிடைத்தது. மத்தியானம் பாதுகாப்பு அதிகாரி ஷாப்புக்கு வந்து எல்லாரையும் கூட்டி நிறுத்தினார். மெஷின்களை நிறுத்தியிருந்ததால் அவர் பேச்சு பாதியாவது புரிந்தது. "பிரஸ்ஸுக்கெல்லாம் சத்தத்தைத் தடுக்கிற கூண்டு போடச் சொல்லிக் கேட்டிருந்தீங்க. ரிப்போர்ட்டைப் பாத்தேன், ஒருத்தர் காதும் கெடல. அப்புறம் கூண்டு எதுக்கு? சந்தோஷமான விஷயம்தானே!" எல்லாரும் கை தட்டினார்கள். தங்கள் காதுக்குத் தாங்களே குழி வெட்டிவிட்டுக் கை தட்டிய கூட்டத்தை வேறெங்கும் பார்க்க முடியாது. செட்டரும் தட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவி ஒரு தாளை நீட்டினாள். "தப்பு எதுவும் இருக்கான்னு பாருங்க."

வேலையை விட்டு விலகுகிற கடிதம் அது. 'என் கணவரின் உடல்நிலை காரணமாக நாளை முதல் வேலைக்கு வர இயலாது. இருபத்தொரு வருடம் என் கையை நம்பித் துணியைக் கொடுத்ததற்கு நன்றி.'

"எதுக்கு இது? வேண்டாம்" என்றார் அவர்.

"வேண்டாம்னா பின்ன யாரு உங்களைப் பாத்துக்குவா? நாளைக்கு மத்தியானம் முதலாளியம்மா வருவாங்க. குடுத்துடுவேன்." அவர் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள். அதனால் ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

மறுநாள் காலை செட்டர் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் டை மாட்டிக்கொண்டிருந்தார். கை போல்ட்டை முறுக்குகிறது, தலைக்குள் கடிதம் ஓடுகிறது. 'இருபத்தொரு வருடம் என் கையை நம்பி.' முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும், 'நன்றி'யில் மை கொஞ்சம் கலைந்திருந்தது வரைக்கும் ஓடுகிறது. சட்டென்று ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

ஒரு பிரஸ் ஓடவில்லை என்றால் செட்டர் அழுதுகொண்டு நிற்பதில்லை. மோட்டாரா, பெல்ட்டா, கிளட்ச்சா, டையா என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துப் பார்ப்பார். கோளாறு எங்கே இல்லை என்று தெரிந்துகொண்டே வந்தால் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதே கணக்கைத் தன் தலைக்கும் போட்டார். கடிதம் நிற்கிறது. போன மாதம் பார்த்த வரைபடத்தின் அளவெல்லாம் நிற்கிறது. பஸ் நிலையத்துப் பலகையில் படித்த நேரம்கூட நிற்கிறது. படித்தது எதுவும் போகவில்லை. அவள் சொன்னதுதான் போகிறது. அதிலும் முகம் பார்த்துச் சொன்னது போகவில்லை. அடுப்படியிலிருந்து, மாடியிலிருந்து, முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னதுதான் போகிறது.

'அடப்பாவி, போயிருக்கறது கிளட்ச்சு. நான் மோட்டாரைக் கழட்ட விட்டுட்டு உக்காந்திருக்கேன்' என்று தன்னையே வைதுகொண்டு வேனுக்கு நடந்தார்.

"உங்களுக்கு நேத்தே முடிஞ்சுதே சார்" என்றாள் அந்தப் பெண்.

"இன்னொரு வாட்டி வைங்கம்மா. ஆனா நாற்காலியைச் சுவத்தைப் பாக்கத் திருப்பிப் போடுங்க."

"ஏன்?"

"உங்க தோள் எனக்குத் தெரியக் கூடாது."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் முகம் வெளுத்தது. நாற்காலியைத் திருப்பினாள்.

முதலில் 'கும்' 'கும்' என்று கனமான சத்தங்கள் வந்தன. அழுத்தினார். அப்புறம் ஒன்றும் வரவில்லை. ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது, எழுதட்டும் என்று காத்திருந்தார். சுவரில் பதினாலு திருகாணி இருந்தது. எண்ணி முடித்துத் திரும்பவும் எண்ணினார். காதுக்குள் எப்போதும் கேட்கிற 'ஙொய்' மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்தது.

"முடிஞ்சுது சார்."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே?"

"பாதிக்கு மேல நீங்க பட்டனையே தொடல" என்றாள். குரலில் கோபம் இருந்திருக்க வேண்டும், கண்ணில் இருந்தது.

தாளை அவர் முன்னால் வைத்தாள். கோடு கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போய், மாடிப்படியில் கால் வழுக்கினவன் மாதிரி தடாலென்று கீழே விழுந்திருந்தது.

"கனமான சத்தம் உங்களுக்குக் கேக்குது. அதனால யாரோ பேசறாங்கன்னு தெரியும். மெல்லிசான சத்தம் போயிடுச்சு. 'ச', 'த', 'ப' மாதிரி எழுத்தெல்லாம் காதுல விழாது. பொம்பளைங்க குரல், குழந்தைங்க குரல் இன்னும் மோசம். அதனால என்ன பேசறாங்கன்னு தெரியாது. வருஷக்கணக்கா இந்தச் சத்தத்துல நின்னதுல காதுக்குள்ள இருக்குற நுண்ணிய ரோமம் மாதிரி அணுக்கள் செத்துப்போச்சு. அது திரும்ப முளைக்காது சார்."

"அப்ப என் மூளை?"

"டாக்டர்தான் மறுபடி பாத்துச் சொல்லணும். இந்தத் தாளோட போங்க, எழுதிக் காட்டி டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். காதுல பாதிதான் விழுது, மிச்சத்தை உங்க மூளை ஊகிக்குது. பாவம், அது ரெண்டு ஆள் வேலையைத் தனியாப் பாக்குது. ஊகிக்கறதுலயே களைச்சுப்போனா அப்புறம் ஞாபகத்துல எங்கேருந்து வைக்கும்? ஆனா, இப்படியே விட்டாலும் மூளைக்கு நல்லதில்ல. காதுக்கு மெஷின் வச்சு, இருக்கறதையாவது காப்பாத்திக்கணும்."

செட்டருக்கு ஒரே நேரத்தில் அழுகையும் சிரிப்பும் வந்தது. மூளை இருக்கிறது! காது போனதற்குச் சந்தோஷப்பட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும்.

"ஒண்ணு கேக்கறேன்" என்றாள் அவள். "பிரஸ்ஸுக்குள்ள கையை வச்சுக்கிட்டு யாராவது நிறுத்துன்னு கத்தினா உங்களுக்குக் கேக்குமா?"

"வாயைப் பாத்தாத் தெரியும்."

"பாக்கலைன்னா?"

அவருக்குச் சிரிப்பு நின்றுபோனது. பிரஸ்ஸை ஓட்டுகிற பட்டனில் விரல் வைக்கிறவர் அவர். உள்ளே கை வைக்கிறவன் வேறொருவன். ஏழு வருஷமாக ஒருத்தன் விரலும் போகாமல் இருந்தது அவர் திறமை இல்லை, அவனவன் பிழைத்துக்கொண்டது.

"செட்டர் வேலை இனிமே தரமாட்டாங்க சார்."

"தர வேண்டாம்" என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "மத்தவங்களையும் திருப்பி உக்கார வைங்கம்மா. எல்லாரும் என்கிட்ட படிச்சவங்கதான்" என்றார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? வேனை விட்டு இறங்கும்போதே விஷயம் பரவிவிட்டது. ஒல்லி என்று கூப்பிடப்படுகிற ஆபரேட்டர் எதிரே வந்து மறித்தான். "ஏண்ணே, நீங்க சொல்லிக்குடுத்ததைத்தானே செஞ்சோம்? இப்ப நீங்களே போட்டுக்குடுக்குறீங்களே, நல்லாருக்கா?"

அவன் வாயை அவர் நன்றாகப் பார்த்தார். 'ம்' போட்டு நகரவில்லை. "நல்லா இல்லதான். திட்டு, திட்டிட்டுப் போய் உக்காரு. கூண்டு வரணும்னா நம்ம காது போனது தெரியணும்டா" என்றார். அவன் திட்டினான். திட்டிவிட்டு வேனுக்குப் போகாமல் டீக்கடைக்குப் போனான்.

செட்டர் அரைநாள் லீவு சொல்லிவிட்டுத் தையலகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். மணி பன்னிரண்டரை. பன்னிரண்டு தையல்மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கோடியில் வெட்டுமேஜை. நீலத் துணி அடுக்கின்மேல் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துப் பதறிப்போனாள்.

"எப்படி வந்தீங்க? வழி தெரிஞ்சுதா?"

இருபத்தொரு வருஷமாக மழை பெய்தால் குடை கொண்டுவந்து நிற்கிற வாசல் அது. வேறு நாளாக இருந்தால் கோபம் வந்திருக்கும்.

"முதலாளியம்மா வந்தாச்சா? கடிதத்தைக் குடுத்துட்டியா?"

"இன்னும் வரல."

"குடுக்காதே." அவர் அவள் பக்கம் குனிந்து, மற்றவர்கள் காதில் விழக் கூடாதென்று ரகசியமாகச் சொன்னார். ரகசியம் என்பது அவர் கணக்கு. அது டமாரத்தின் ரகசியம். "என் மூளைக்கு ஒண்ணும் இல்ல. காதுதான் போச்சு. ஏழு வருஷமா டெஸ்டுல ஏமாத்தினேன். அந்தப் பொண்ணோட தோளைப் பாத்துப் பாத்துப் பட்டனை அழுத்தினேன். நீ சொல்றது எனக்குக் கேக்கவே இல்ல. கேட்ட மாதிரி 'ம்' போட்டேன்."

ஒரு மெஷின் நின்றது. பிறகு இரண்டு, மூன்று. கடைசி மெஷினும் நின்று, பன்னிரண்டு பெண்களும் துணியைப் பிடித்தபடி அவரையே பார்த்தார்கள். செட்டருக்கு முதுகுப்பக்கம் எதுவும் தெரியவில்லை. அவர் பாட்டுக்கு மடித்து வைத்திருந்த தாளை எடுத்து விரித்து, விழுந்துகிடக்கிற கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அவள் தாளைப் பார்த்தாள். மேஜை இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்தாள், நாலாக மடித்தாள், அவர் சட்டைப்பைக்குள் திணித்தாள். "செவிடன் காதுல ஊதின சங்குன்னு சொல்வாங்களே, அதை நான் வீட்டுலயே வச்சுக் குடும்பம் நடத்தியிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஒரு மாசமா நான் செத்துப் பொழைச்சேனே!" என்றாள். அவள் உதடு நடுங்கியதால் அவருக்குப் படிப்பது கஷ்டமாக இருந்தது. திடீரென்று எதையோ நினைத்துக்கொண்டவள்போல் நிறுத்தினாள்.

"எப்பலேருந்து?"

"தெரியல. ஏழெட்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா."

"அப்ப, ரெண்டு வருஷம் முன்னாடியும்?"

"அப்பவும்தான்."

அவள் சாக்கட்டியை மேஜைமேல் வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "என் தங்கச்சி போனப்ப, காரியமெல்லாம் முடிஞ்சு வந்து, ஒரு மாசம் தினம் சாயங்காலம் அடுப்படியில நின்னு அழுதேன். வாய்விட்டு அழுதேன். நீங்க கூடத்துல பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தீங்க. பத்தடி தூரம். ஒருநாள்கூட எந்திரிச்சு வந்து ஏன்னு கேக்கல. கல்லு மனசுன்னு நெனச்சேன். இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு உங்களுக்குச் சமைச்சுப் போடறேன்."

அந்தச் சாயங்காலங்கள் செட்டருக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. வீடு அமைதியாக இருந்தது. எவ்வளவு பெரிய துக்கத்தை எப்படித் தாங்கிக்கொண்டாள் என்று அவர் உள்ளுக்குள் பெருமைப்பட்டிருக்கிறார். ஷாப்பில் நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறார், என் வீட்டுக்காரி தைரியசாலி என்று.

"எனக்குக் கேக்கல" என்றார். அவர் வாழ்நாளில் அவ்வளவு தணிவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பக்கத்து மெஷினில் இருந்தவளுக்குக்கூட அது எட்டவில்லை.

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கையால் மூடிக்கொள்ளவும் இல்லை. வெட்டுமேஜையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து, அவருக்குத் தெரியும்படி நேர் எதிரே நின்று அழுதாள்.